ஆறு பரப்புக் காணியும் அரைப் பங்குக் கிணறும்

“கடலை அண்டிய அமைதியான சூழலில் காணி விற்பனைக்கு உண்டு.” இப்படியான விளம்பரங்களை இப்போதெல்லாம் பத்திரிகைகளில் அடிக்கடி காண்கிறோம். காணி தீவுப்பகுதியில் என்றால் விளம்பரத்தின் இனிமை இன்னும் கூடிவிடும். நீலக் கடல், பனங்கூடல், வாகன இரைச்சல் இல்லாத இரவு, சுத்தமான காற்று என்று அடுக்கிக்கொண்டு போவார்கள். நகரத்தில் வாடகை வீட்டில், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தோடு உறங்கப் பழகிய எனக்கும் அவற்றை வாசிக்கும்போது ஆசை வருவதுண்டு.

ஆனால் ஒரு காணியை விளம்பரத்தில் வாசிப்பது வேறு. அந்தக் காணிக்கு உரியவளோடு கூடச் சென்று பார்ப்பது வேறு. சென்ற மாசி மாதம் என் சித்தியுடன் புங்குடுதீவுக்குப் போனபோது அதை நான் அறிந்துகொண்டேன்.

சித்திக்கு அங்கே ஆறு பரப்புக் காணியும் ஒரு பழைய வீடும் உண்டு. திருமணத்தின்போது அம்மம்மா எழுதிக்கொடுத்த சீதனம் அது. 1991இல் தீவைவிட்டு வெளியேறியவர்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் நான்கு வருடம், 1995 இடம்பெயர்வோடு வன்னி, அங்கே திருமணம், 2009இல் முகாம், பின்னர் கொக்குவிலில் ஒரு வாடகை அறை என்று சித்தியின் வாழ்க்கை நகர்ந்தது. சித்தப்பா 2009 வைகாசியில் காணாமற் போனார். ஒரே மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளது படிப்புச் செலவுக்கும் தலைக்கு மேல் ஒரு கூரைக்கும் சித்தியிடம் இருந்தது அந்த ஆறு பரப்பு மட்டுமே. அதை விற்றுத் தருவதாக ஒரு தரகர் முன்வந்திருந்தார்.

“நீயும் ஒருக்கா வா பிள்ளை. தனியப் போய்ப் பார்க்க எனக்கு மனம் வருகுதில்லை” என்றார் சித்தி.

பாலத்துக்கு அப்பால்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் காலையில் குறிகட்டுவான் பஸ் ஏறினோம். பண்ணைப் பாலத்தில் ஏறியவுடன் இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். களங்கட்டித் தடிகள் வரிசையாக நிற்கின்றன. தூரத்தில் பூநாரைக் கூட்டம் ஒன்று வெண்மையும் இளஞ்சிவப்புமாகத் தெரிந்தது. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை வங்களாவடி என்று பஸ் போகிறது. சாட்டிக் கடற்கரைக்குக் குளிக்கச் செல்லும் இளைஞர்கள் மண்கும்பானோடு இறங்கிவிட்டார்கள். பிறகு வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் பாலம். இந்தப் பாலம் வருவதற்கு முன்னர் அம்மம்மாவின் காலத்துப் பெண்கள் யாழ்ப்பாணம் போவதென்றால் வள்ளத்தில்தான் போகவேண்டும்.

பஸ்ஸில் எங்களைத் தவிர அரைவாசிப்பேர் நயினாதீவுக்குப் போகும் யாத்திரிகர்கள். நாகபூஷணி அம்மனை வழிபடத் தமிழர்களும் நாகதீப விகாரைக்குச் சிங்கள மக்களும் நாள்தோறும் இந்த வீதியால்தான் போகிறார்கள். நெடுந்தீவில் மட்டக்குதிரைகளையும் பெருக்குமரத்தையும் ஒல்லாந்தர் கோட்டை இடிபாட்டையும் பார்க்கப் போகிறவர்களும் உண்டு. எல்லோரும் புங்குடுதீவைக் கடந்து போகிறார்கள். இறங்குகிறவர்கள் சிலரே.

ஒரு காலத்தில் இது அப்படியான ஊரல்ல. புங்குடுதீவார் தெற்கில் ஊருக்கூர் கடை வைத்து நடத்தியவர்கள். அங்கே உழைத்த பணத்தைக் கொண்டுவந்து இங்கே நாற்சார் வீடு கட்டினார்கள். மகளுக்குச் சீதனமாக வீடும் வளவும் கொடுப்பதே ஒரு தகப்பனின் வாழ்நாள் வேலையாக இருந்தது. 1983இன் பின் கடைகள் போயின. 1990-91இல் ஊரும் வெறுமையாயிற்று. இன்று சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் கனடாவிலும் வாழும் புங்குடுதீவாரின் பிள்ளைகளுக்கு இந்த ஊர் கோயில் திருவிழாவுக்கு வந்துபோகும் இடமாகிவிட்டது.

வீதியோரம் நடந்து போகும்போது அதன் அடையாளங்களைக் கண்டோம். புது வர்ணம் பூசிய மாடி வீடு ஒன்று. வாசற் கதவில் பெரிய பூட்டு. அடுத்த வளவில் கூரையில்லாத சுவர்கள். அவற்றின் மேல் ஆலமரம் வேரோடி நிற்கிறது. அதற்கடுத்த மதிலில் “விற்பனைக்கு” என்று எழுதி ஒரு வெளிநாட்டுத் தொலைபேசி இலக்கம். அதன் நிழலில் நான்கு ஆடுகள் படுத்து அசைபோட்டன.

சித்தியின் வீட்டில் ஓடும் இல்லை, மரமும் இல்லை. நிலைகளையும் கதவுகளையும் யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தலைவாசல் திண்ணை மட்டும் அப்படியே இருந்தது. சித்தி தாவணித் தலைப்பால் அதைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். “இதிலைதான் எனக்கு ஏடு துவக்கினது” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். கடற்காற்று பனைகளுக்கூடாக வந்து வீசியது. வேறு ஒரு சத்தமும் இல்லை. விளம்பரத்தில் எழுதுகிறவர்கள் இந்த அமைதியைப் பற்றிப் பொய் சொல்லவில்லை என்றே எனக்குத் தோன்றியது.

விலையில் சேராத தண்ணீர்

தரகர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும்; மரியாதையாகத்தான் பேசினார். வாங்கப் போகிறவர் கொழும்பில் இருப்பதாகவும், எட்டு அறைகளோடு ஒரு சுற்றுலா விடுதி கட்ட விரும்புவதாகவும் சொன்னார். ஒரு சிறிய நீச்சல் தடாகமும் வருமாம்.

“நயினாதீவு, நெடுந்தீவு போற சனம் எல்லாம் இதாலைதான் போகவேணும் அக்கா. பாலம் இருக்குது, கரண்ட் இருக்குது, கடல் பக்கத்திலை. இனித் தீவுக் காணிக்கு நல்ல காலம்” என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் இருக்கும் ஹமன்ஹீல் கோட்டையே இன்று விடுதியாகிவிட்டதே. ஆனாலும் அவர் சொன்ன விலையில் யாழ் நகரில் ஒரு பரப்புக்கூட வாங்க முடியாது. 16 பரப்பு ஒரு ஏக்கர். சித்தியின் காணி ஒரு ஏக்கரில் மூன்றில் ஒன்றுக்கும் மேல். அத்தனையும் கொடுத்தால் நகரத்தில் ஒரு சமையலறை வைக்கும் அளவு நிலமும் கிடைக்காது. இதுதான் தீவுக் காணிச் சந்தையின் கணக்கு. வாங்குபவருக்கு மலிவு என்பது விற்பவளுக்கு வேறு எங்கும் போக முடியாத விலை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து வளவு ஆச்சி பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். அம்மம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை அவர். எல்லோரும் போன பிறகும் முதலில் திரும்பி வந்து, தனியாக இருந்து ஆடும் கோழியும் வளர்ப்பவர். சித்தியைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்ட முதற் கேள்வி: “கிணத்தையும் சேர்த்தே விக்கிறாய்?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. சித்தி கைப்பையிலிருந்து உறுதியின் பிரதியை எடுத்துக் காட்டினார். ஆறு பரப்பு, அதிலுள்ள வீடு, பனைகள் என்று எழுதியபின், எல்லையிலுள்ள கிணற்றில் அரைவாசிப் பங்கும் அதற்குரிய வழியும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. மற்ற அரைவாசி ஆச்சியுடையது. சகோதரிகள் இருவருக்குச் சீதனம் பிரித்த காலத்தில் கிணற்றை நடுவில் விட்டுப் பங்கிட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து உறுதிகளில் இப்படிப் பங்குக் கிணறு எழுதுவது வழமை.

ஆச்சி வாளியை விட்டு ஒரு வாய் தண்ணீர் அள்ளித் தந்தார். சிறிது சவர், ஆனால் குடிக்கலாம். அந்தப் பகுதியில் குடிக்கக் கூடிய கிணறுகள் மிகச் சில. மற்றவர்கள் பவுசரில் வரும் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

தீவுக் கிணறுகளின் இயல்பை நாம் அறிந்து வைத்திருப்பது நல்லது. இங்கே ஆறும் இல்லை, மலையும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீருக்கு மேல் ஒரு படையாக மிதக்கிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது; அதனால்தான் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது ஒரு பொதுக் கணக்கு. அதையே மறுபக்கமாக எண்ணிப் பாருங்கள். மேலே ஓர் அடியை இறைத்துக் குறைத்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு 40 அடி மேலே ஏறிவரும். வாளியால் அள்ளும் வரையில் கிணறு தாங்கும். பெரிய மோட்டர் பூட்டி இறைத்தால் அந்தக் கிணறு மட்டுமல்ல, அயற் கிணறுகளும் உவராகிவிடும். ஒருமுறை உவரான கிணறு திருந்தப் பல மாரிகள் செல்லும்.

எட்டு அறை, எட்டுக் குளியலறை, ஒரு நீச்சல் தடாகம். ஆச்சிக்குச் சுண்ணக்கல் கணக்குத் தெரியாது. ஆனால் “மோட்டர் வைச்சினமெண்டால் இந்தத் தண்ணி ஒரு கோடைக்கும் காணாது பிள்ளை” என்று அவர் சொன்னது அதே கணக்குத்தான்.

தரகரைக் கேட்டேன். “அவை வெளியிலையிருந்து தண்ணி கொண்டு வருவினம்” என்றார். எழுத்தில் தருவார்களா என்று கேட்டதற்கு மறுமொழி இல்லை.

கையொப்பம் யாருடையது?

அதற்குப் பிறகுதான் பெரிய விடயம் வந்தது. உறுதியைப் புரட்டிப் பார்த்த தரகர், “ஐயாவின்ரை கையொப்பமும் வேணும் அக்கா” என்றார். சித்தப்பா காணாமற் போனதைச் சித்தி சொன்னார். அவர் குரலைத் தாழ்த்தி, “அப்பிடியெண்டால் மரணச் சான்றிதழ் ஒண்டை எடுத்துவிடுங்கோ. அதுதான் சுகமான வழி” என்றார்.

சித்தி ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்க் கிணற்றுக் கட்டில் நின்றுகொண்டார். பதினைந்து வருடங்களுக்கு மேலாக அவர் போகாத அலுவலகம் இல்லை, கொடுக்காத மனு இல்லை. “அவர் செத்துப்போனார் எண்டு என்ரை கையாலை எழுதி, அதை வைச்சு வீட்டை விக்கிறதோ?” என்று பிறகு என்னிடம் கேட்டார். தரகர் கெட்ட மனிதரல்ல. அவருக்கு அது ஒரு கடதாசி. சித்திக்கு அது அப்படியல்ல.

ஊருக்குத் திரும்பியபின் நாங்கள் ஒரு பெண் சட்டத்தரணியிடம் போய்க் கேட்டு அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். ஏனெனில் இந்த நிலையில் சித்தி மட்டும் இல்லை.

தேசவழமைக்கு உட்பட்ட ஒரு பெண்ணின் சீதனமும் முதுசமும் அவளுடைய சொந்தச் சொத்தே. ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கணவன் தன் முதுசக் காணியை விற்பதற்கு மனைவியின் சம்மதம் வேண்டியதில்லை. பெண்ணுக்குக் காணியைக் கொடுத்து, கையொப்பத்தை ஆணிடம் கொடுத்த சட்டம் இது. நூறு வருடங்கள் கடந்தும் இதைப் பற்றி நாம் இன்னும் பேசவேண்டியிருக்கிறது.

ஆயினும் அதே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், இருக்குமிடம் தெரியாதிருந்தால், நியாயமின்றிச் சம்மதம் தர மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதம் இல்லாமலே விற்பதற்கு அனுமதி பெறலாம். அதற்குக் கணவன் இறந்துவிட்டார் என்று எவளும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. இதைவிட, காணாமற் போனவர்களின் குடும்பத்தினர் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமற் போனமையை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறுவதற்கும் 2016ஆம் ஆண்டில் சட்டம் வழி செய்தது. இதை அறிந்தபோது சித்தியின் முகத்தில் தெரிந்த ஆறுதலை என்னால் எழுத முடியாது.

இன்னும் சில விடயங்களையும் அந்தச் சட்டத்தரணி சொன்னார். கூட்டுப் பங்கான காணியை விற்பதென்றால் உடன்பங்காளிகளுக்கும் வாரிசாகக் கூடியவர்களுக்கும் முதலில் அறிவித்து, வாங்கும் வாய்ப்பை அவர்களுக்குத் தரவேண்டும். மற்றவர் காணியில் பத்து வருடம் தடையின்றிக் குடியிருப்பவர் ஆட்சியுரிமை கோரலாம். போரினால் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்காக, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காதிருக்க 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது உண்மை. ஆனால் 2009இன் பின்னரும் பல வருடங்கள் ஓடிவிட்டன. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று, இரட்டைக் குடியுரிமை இல்லாதவர்கள் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கே காணி வாங்க முடியாது; நெருங்கிய உறவினரிடமிருந்து மரபுரிமையாகவோ நன்கொடையாகவோ பெறலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெயரில் வாங்க எண்ணுபவர்கள் இதை முதலில் கேட்டறிய வேண்டும்.

இறங்குதுறையில்

அன்று மாலை பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனோம். நெடுந்தீவுப் படகு வந்து சேர்ந்தது. ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடல். 1985 மே 15இல் குமுதினிப் படகில் வந்தவர்கள் கொல்லப்பட்டது இந்தக் கடலில்தான். தீவாருக்கு அந்த நாள் மறப்பதில்லை.

படகிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண் தாயின் கையைப் பிடித்து இறங்கினாள். பேறு காலத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதாம். காற்றடித்துப் படகு நின்றுவிட்டால் என்ன செய்வது என்று, முற்கூட்டியே யாழ்ப்பாணத்தில் மாமி வீட்டில் தங்கப் போகிறாள். “பிறக்கிறதுக்கும் வெளிக்கிட வேணும், பெரிய வருத்தமெண்டாலும் வெளிக்கிட வேணும். ஆனாலும் திரும்பிப் போகத்தான் மனம் நிக்கும்” என்று தாய் சிரித்தார்.

நெடுந்தீவில் மின்சாரத்துக்கு மின்பிறப்பாக்கியை நம்பியே காலம் கழிந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று ஆகியவற்றால் மின்சாரம் தரும் திட்டமொன்றுக்கு இந்திய உதவியுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. நல்லது. ஆனால் அந்தத் தாய்க்கு வேண்டியது ஒழுங்கான படகும் எந்நேரமும் இருக்கும் வைத்தியரும் கோடையிலும் குடிக்கத் தண்ணீரும். இவை இருந்தால் போனவர்களிலும் சிலர் திரும்புவார்கள். தீவில் ஒரு வீட்டின் பெறுமதி இவற்றால்தான் கூடும்; நீச்சல் தடாகத்தால் அல்ல.

சித்தி என்ன செய்தார்?

சித்தி அந்த விடுதிக்காரருக்கு விற்கவில்லை. அதனால் அவருக்கு நட்டம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மகளின் அடுத்த தவணைக்கு வளையலை அடகு வைத்தார். ஆனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். நீதிமன்ற அனுமதி பெற்று, வீதிப் பக்கமாக இரண்டு பரப்பை நில அளவையாளரைக் கொண்டு பிரித்து, கிணற்றுப் பங்கு சேராமல் விற்பது. வீடும் கிணறும் இருக்கும் நாலு பரப்பும் அவருக்கும் பின்னர் மகளுக்கும். விண்ணப்பம் கொடுத்தாயிற்று. முடிவு வர நாளாகும். அதற்கிடையில் இரண்டு முறை போய்ப் பற்றை வெட்டி, வேலி அடைத்துவிட்டு வந்தார். திண்ணைக்கு மேல் தற்காலிகமாகக் கிடுகால் ஒரு பத்தியும் இறக்கியிருக்கிறார்.

சகோதரிகளே, உங்களுக்கும் எங்காவது ஒரு தீவிலோ கிராமத்திலோ அம்மா தந்த காணி இருக்கக் கூடும். உறுதி பெட்டிக்குள் இருக்கிறது என்று ஆறுதலாக இருந்துவிடாதீர்கள். காணிப் பதிவகத்தில் உங்கள் பெயரில்தான் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லையைப் போய்ப் பாருங்கள். கிணற்றில் பங்கு உண்டா, யாருடன் பங்கு என்று வாசியுங்கள். யாராவது அவசரப்படுத்திக் கையொப்பம் கேட்டால், முதலில் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்; பணவசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

வாங்க விரும்பும் சகோதரிகளுக்கும் ஒன்று. தீவில் வாழ ஆசைப்படுவது நல்ல ஆசைதான். ஆளில்லாத ஊருக்கு ஆள் வேண்டும். ஆனால் காணி பார்க்கப் போகும்போது மாரியில் போகாதீர்கள், ஆவணியில் போங்கள். கடலைப் பார்க்குமுன் கிணற்றைப் பாருங்கள். அந்தக் கிணற்றில் வேறு யார் தண்ணீர் அள்ளுகிறார் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கேயும் ஓர் ஆச்சி இருப்பார்.